ரொட்டி வாங்கப் போன வண்டி

என் பிள்ளைகளின் தாயே,

நேற்று குன்றை இழந்துவிட்டோம். எதிரி பெரும்படையோடு வந்தான் என்று வானொலி சொல்லும், நம்பாதே. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

காலையில் தளபதி மிஃப்தாஹின் வண்டி ஊர்ப்பக்கம் கிளம்பியது. "ஐயோ, நம்மள விட்டுட்டு ஓடுறான்டா!" என்று ஒரு குரல் கத்தியது. அவ்வளவுதான், துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கி ஓடினோம். எதிரிகள் பாடிக்கொண்டே குன்றில் ஏறினார்கள்.

தளபதி எங்களுக்கு ரொட்டி வாங்கத்தான் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் அவர்கள் கையில் சிக்கிக்கொண்டார்.

இப்போது எங்கள் ஆட்களே, "மொதல்ல கத்துனவன் எவன்?" என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள். நண்பன் ஃபரஜ், "உன் குரல் மாதிரியே இருந்துச்சேப்பா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

உடனே பிள்ளைகளோடு திரிப்போலிக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. பெரியவனிடம் மட்டும், அப்பா கடைசிவரை குன்றின்மேல் நின்றார் என்று சொல்.

உன்னவன்