தாம்பூலப் பையில் ரோமாபுரி

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போயிற்று. மூன்றாம் அத்தியாயம் முடிந்தது.

பட்டுக்கடை முதலாளிக்கு (இனி மு.; முழுசாக எழுத இந்த மனுஷன் அவ்வளவு வொர்த் இல்லை) புதுப் பைத்தியம். புடவை விற்ற காசில் எப்போதோ கலசப்பாக்கம் பக்கம் ஆறு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறார். இருபது வருஷமாக அதில் உழுவது, நீர் பாய்ச்சுவது, காவல் எல்லாம் என் அப்பா. மு. மாதம் ஒரு தடவை காரில் வருவார், செருப்பில் சேறு படாமல் இளநீர் குடிப்பார், போவார். இப்போது ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பழைய ரோமாபுரி இயற்கை விவசாயம் என்று குதிக்கிறார். பெண் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில், தேங்காயோடு அதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமாம். தமிழில் எழுத நான். "நம்ம ஆளு பொண்ணு. காலேஜ்ல சரித்திரம் எடுக்குது."

ரோமாபுரி மேதைகள் சொன்னது:
— பயறு வகையை விதைத்து, காய்க்கும் முன் மடக்கி உழு.
— ஒரு வருஷம் பயிர், ஒரு வருஷம் நிலத்துக்கு ஓய்வு.
— எருவில் உசத்தி புறா எச்சம்.

அப்பா வருஷா வருஷம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறார். போன வருஷம் இதே மு. அதைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, கொல்லை பூரா புல்லு மண்ட வுட்டு வெச்சிகீறே?" என்று கத்தினார். அப்பா செய்தால் புல். ரோமாபுரிக்காரன் செய்தால் ஞானம். தூ.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில். கடையில் ஒரு மணி நேரம் காக்க வைத்தார். காபி வந்தது, சர்க்கரை இல்லை.

தகராறு: அந்தக் காலத்துப் பண்ணையில் வேலை செய்தவர்கள் அடிமைகள். அப்படியே எழுதியிருந்தேன். மு.வுக்குப் பிடிக்கவில்லை.

"கல்யாணத்துல குடுக்கறது. அடிமை கிடிமைன்னு போட்டுகினு... நல்லாவா இருக்கும்? வேலையாள்னு போடும்மா."

"அது தப்புங்க. அவங்களுக்குக் கூலி கிடையாது."

"யாரு கேக்கப் போறாங்க? ஜல்தி முடி. பிரஸ்காரன் பேஜார் பண்றான்."

மாற்றினேன். நாற்பது இடம். படித்து என்ன கிழித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

துணி துவைத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம், தைலம் தேய்த்தேன். அறுபத்து நான்கு ஆகிறது. போன வாரம் மு. அவர் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "பாப்போம், பாப்போம்" என்றாராம். அந்த வேலை போனால் அப்பா வீட்டில் உட்கார்ந்தே செத்துப்போவார். எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி. பண்ணைக்காரன் கிழட்டு மாட்டை, ஓட்டை வண்டியை, வயசான அடிமையை, சீக்காளி அடிமையை வைத்துக்கொள்ளாமல் விற்றுவிட வேண்டுமாம். நிலத்துக்கு ஓய்வு உண்டு, மனுஷனுக்குக் கிடையாது. என்ன ஒரு பிழைப்பு!

வேண்டாததை விட்டுவிடும்படி மு. சொல்லியிருக்கிறார். விடவில்லை. வேண்டுமென்றே வைத்தேன். படிக்கட்டும். அப்பாவை வைத்துக்கொண்டு 'பாப்போம்' என்று சொன்னதற்குச் சுருக்கென்று தைக்கட்டும்.

(அடிமையை 'வேலையாள்' ஆக்கியதால் 'விற்று' ஒட்டவில்லை. 'வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும்' என்று மாற்றினேன்.)

ஆகஸ்ட் 20, புதன்

புரூப் திரும்பி வந்தது. ஒரு திருத்தம்கூட இல்லை. மு. போனில்: "சூப்பர்மா! ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே இன்னா தெளிவு பாரு!" படிக்கவே இல்லை, தெரிகிறது. அட்டையில் தன் போட்டோ சரியாக விழுந்திருக்கிறதா, அதுதான் கவலை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம். கூட்டம். சாம்பாரில் உப்பு இல்லை. வாசலில் பை வாங்கியவர்கள் தேங்காயை எடுத்து ஆட்டிப் பார்த்தார்கள், புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். அப்பா மட்டும் பின்னட்டையில் என் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், "எம் பொண்ணு போட்ட புக்குங்க." எனக்குக் கூச்சம். சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

லேசான தூறல். அப்பா பகல் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பம்புசெட் சாவி இல்லை.

"நின்னுக்கச் சொல்ட்டாரும்மா. கோவமா இல்ல. தன்மையாத்தான் சொன்னாரு. உன் புக்கப் பிரிச்சி, இந்த எடத்தக் காமிச்சாரு."

படித்திருக்கிறார். மு. ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். நான்தான் அவரை முட்டாள் என்று நினைத்து, கத்தியைத் தீட்டி அவர் கையில் கொடுத்தேன். என் மூஞ்சியில் நானே காறித் துப்ப வேண்டும்.

அப்பா அந்தப் பத்தியை எழுத்துக் கூட்டி வாசித்தார். 'வயசான வேலையாள்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது மெய்யாலுமே அந்த ஊர்க்காரன் சொன்னதாம்மா? இல்ல, நீயா போட்டதா?"

"அவன் சொன்னதுதாம்ப்பா."

"அப்ப சரி" என்றார். சோறு போடச் சொன்னார்.