கனமான பெட்டி

நவம்பர் 1

இன்று என் கணினி மீண்டும் முன்னறிவிப்பின்றி அணைந்தது. கீழ்பென்னாத்தூர் இனியாவின் திருமண ஆல்பம். தாலி கட்டும் பக்கம். வரிசைப் படங்களில் மணமகனின் கை பாதி வழியில் இருக்கையில் திரை இருண்டுவிட்டது. பதினான்காம் தேதி இனியா கணவருடன் கத்தாருக்குப் புறப்படுகிறாள். அதற்குள் ஆல்பம் கையில் இருக்குமென அவள் தாயார் ஜோதியம்மாளுக்கு வாக்களித்துள்ளேன். தவறினால் இளைய மகளின் திருமண வேலை பெரிய ஸ்டுடியோவுக்குப் போய்விடும்.

பழுது பவர் சப்ளையில். கடைக்காரர் மொழியில் எஸ்.எம்.பி.எஸ். எவர் உதவியுமின்றி யானே கண்டறிந்தேன். ஆல்பம் வடிவமைப்பையும் இந்தத் தமிழையும் எனக்கு எவர் கற்பித்தார்?

நவம்பர் 2

கலையரசன் கடை. சிறிய பெட்டியொன்றை முன்வைத்தார். "கம்பெனி ஐட்டம் மேடம். அஞ்சு வருஷம் வாரண்டி. வெயிட்டு கம்மிதான், ஆனா உழைக்கும்."

இப்பொருளை வாங்கும் எவரும் நம் ஊரில் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பர். நானும் பார்த்தேன். தக்கை! உள்ளே செம்பு நிறைந்திருந்தால் கனக்கும், கனமே தரத்தின் சான்று என அவருக்குச் சுருக்கமாக விளக்கினேன். (பின்னால் நின்றவர் இருமுறை செருமினார்.)

முடிவில், 600 வாட் என்று பெரிதாக அச்சிட்ட, பெயர் கேள்விப்படாத ஒன்றை அடித்தட்டிலிருந்து எடுத்தார். "ஜாஸ்தி வெயிட்டுதான் வேணும்னா இது இருக்கு. உங்க இஷ்டம்."

என்ன கனம்! அதையே வாங்கினேன்.

நவம்பர் 3

சீராக இயங்குகிறது. தேர்ந்தெடுத்தல் ஒரு கலை என்று கணவர் ஜீஷானிடம் கூறினேன். அவர் தேநீர் கேட்டார்.

நவம்பர் 5

பௌர்ணமி. போச்சு. பக்கங்களைச் சேமிக்கும்போது டப்புனு ஒரு சத்தம், கருகிய வாடை. கிரிவலக் கூட்டம், எங்கள் வேங்கிக்காலிலிருந்து வண்டி எதையும் ஊருக்குள் விடவில்லை. கடைக்கு எப்படிப் போவது? ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து போயிருந்தா? ஜோதியம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?

ஜீஷானின் தம்பி அர்பாஸ் திருப்புளியோடு வந்து நின்றான். உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும், நாளை வரை தொடாதே என்று விரட்டினேன்.

நவம்பர் 6

அர்பாஸ் பெட்டியைத் திறந்தான். உள்ளே பாதி வெற்றிடம். மூலையில் பசையிட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. ஒரு கம்பிகூட அதைத் தொடவில்லை. எடைக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள்!

அண்ணியான என்னிடம் சொன்னான்: "பாபி, நீங்க வாங்கினது எஸ்.எம்.பி.எஸ் இல்ல. படிக்கல்லு. தராசுல வெச்சி வெங்காயம் நிறுக்கலாம்."

ஜீஷான் அடுக்களைக்குள் போய்ச் சிரித்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

பின்னர் தனியே அமர்ந்து அதன் பக்கவாட்டு அட்டையைப் படித்தேன். பொடி எழுத்தில்: 12 வோல்ட், 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். கணினியின் முக்கிய உறுப்புகள் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். அப்படியானால் அந்த 600 எங்கே? மேலே பெரிதாக அச்சிட்டதில் மட்டும். தூக்கிப் பார்த்த நான் ஏன் படித்துப் பார்க்கவில்லை?

நவம்பர் 7

மீண்டும் கடை. ஓர் உரையை ஆயத்தம் செய்துகொண்டு போனேன். அதற்கு அவசியமே ஏற்படவில்லை. கலையரசன் அந்தத் தக்கைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். 450 வாட், 12 வோல்ட்டில் 36 ஆம்பியர், அதாவது 432. சொல்வதும் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

"தூக்கிப் பாக்கலியா மேடம்?"

"படித்துவிட்டேன்," என்றேன்.

வீட்டில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். கோப்பு திறந்தது. கடைசி இரு பக்கங்கள் மட்டும் இல்லை, ஏனையவை பத்திரம். மணமகனின் கை மணமகளின் கழுத்தை எட்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நவம்பர் 8

அந்த இரு பக்கங்களையும் மீண்டும் செய்து அச்சகத்துக்கு அனுப்பினேன். மாதிரித் தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்க இரும்புத் துண்டை அவற்றின்மேல் வைத்திருக்கிறேன். அப்பணியில் அது சிறந்து விளங்குகிறது.

நவம்பர் 13

ஜோதியம்மாள் வந்தார். ஆல்பத்தைத் திறக்கவில்லை. முதலில் இரு கைகளாலும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"நல்லா கனமா இருக்குது. நல்ல ஆல்பம்தாம்மா. சின்னவ கல்யாணத்துக்கும் நீயே பண்ணிக் குடு."

வாசலில் நின்ற அர்பாஸ் என்னைப் பார்த்தான். சரி என்றேன். விளக்கம் எதுவும் அளிக்கவில்லை.