மாவிலைச் சுருள்

1957 மார்ச் 11, திங்கள்
பள்ளிக்கூடம் உண்டு. மழை இல்லை. பிள்ளை இன்னும் பாலை உறிஞ்சவில்லை. பவுலின் பீய்ச்சியெடுத்து, பஞ்சுத் திரியில் நனைத்து உதட்டில் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகள். நான் இன்னும் தொடவில்லை. என் விரல் பட்டே ஏதாவது ஆகிவிட்டால்?

மருத்துவிச்சி பேச்சியம்மா வந்து பார்த்தார். "சூடு விடாம வச்சிருங்க வாத்தியாரய்யா. மத்தது ஆண்டவன் பாடு."

மார்ச் 13
கரும்பலகையில் ஏழும் எட்டும் பதினாறு என்று எழுதினேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. வீட்டு நிலைமை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

மார்ச் 16, சனி
என்னவென்று எழுதுவேன்! வீட்டுக்குப் பின்னால், மாமரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு சிவப்பு வண்டு. நெல்மணி அளவுதான். இளம் இலையைக் காம்புக்குச் சற்றுக் கீழே குறுக்காக அறுத்தது. முழுக்க அறுக்கவில்லை — நடுநரம்பை மட்டும் லேசாகக் கடித்து விட்டுவைத்தது. இலை வாடித் துவளும்வரை அதன்மேல் ஏறி இறங்கி நடந்தது. பிறகு நரம்போடு இரண்டாக மடித்து, நுனியிலிருந்து சுருட்டியது. நடுவில் ஒரு முட்டை. பசையில்லை, நூலில்லை. கால்களும் வாயும்தான். ஓரங்களை உள்ளே செருகிச் செருகி, கடைசியில் ஒரு சின்னப் பீப்பாய் தொங்கியது. காற்றில் ஆடியது, அவிழவில்லை.

சாப்பாட்டை மறந்து நின்றேன். யார் சொல்லிக் கொடுத்தது இதற்கு? வாயில் தானாக ஜெபம் வந்தது. எதையும் கேட்காத ஜெபம்.

மார்ச் 17
பவுலினிடம் வண்டைப் பற்றிச் சொன்னேன். பிள்ளையை மார்போடு அணைத்தபடியே கேட்டாள். பிறந்ததிலிருந்து யார் கையிலும் கொடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள்.

"அப்புறம்? அங்கேயே காவலிருக்குமா?"

"இல்ல. பறந்துபோயிருச்சு."

"போட்டுட்டா? என்னா தாய் அது!"

அவளுக்குக் கோபம்.

மார்ச் 20
காற்றில் விழுந்த பழைய சுருள் ஒன்று கிடைத்தது. பவுலின் முன்னால் வைத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு மஞ்சள் புழு. சுற்றிலும் கடித்த தடம். சுவரையே தின்று வளர்கிறது. வீடே சோறு!

பவுலின் வெகுநேரம் பார்த்தாள். "எல்லாத்தையும் உள்ளுக்கே வச்சிட்டுத்தான் போயிருக்கா." இந்த முறை 'அது' என்று சொல்லவில்லை.

சுருளைப் பழையபடி சுருட்டப் பார்த்தேன். பத்து விரலாலும் முடியவில்லை.

அப்போதுதான் சொன்னாள்: "ஏங்க, சட்டையக் கழட்டிட்டு இவளக் கொஞ்சம் வச்சிருங்க. எனக்கு முடியல."

வாங்கினேன். கோழிக்குஞ்சு கனம். ஆனால் அந்த நெஞ்சு அடிக்கிற அடி! இத்தனை பெரிய காரியம் இத்தனை சின்ன இடத்திலா? அசையப் பயந்து, மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். பவுலின் சுவரோரம் சரிந்தவள், விளக்கு வைக்கும்வரை எழும்பவில்லை.

மார்ச் 29
உறிஞ்சிவிட்டாள்! தானாகவே. "ஐயோ, வலிக்குதுங்க" என்று பவுலின் கத்தினாள் — சிரித்துக்கொண்டே.

ஆகஸ்ட் 24, சனி
பிள்ளைக்குச் சட்டைத்துணி வாங்கக் கினிகத்தேனைக்குப் போனேன். துணிக்கடை முத்துலிங்கம், "பிள்ளை எம்புட்டுப் பெருசு மாஸ்டர்?" என்றார். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன்.

சிரித்துவிட்டார். "கைப்பிள்ளைன்னீங்களே?"

"இப்பத்த அளவு இல்லீங்க. வர்ற வருசமும் போடணும்ல."

அவர் சீத்தைத் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு வெட்டினார்.