ட்ரெய்லர் என் பெயருக்கு மாறிவிட்டது, அப்பா

என் அருமை அப்பாவுக்கு,

ட்ரெய்லர் என் பெயருக்கு மாறிவிட்டது. இன்று மத்தியானம்தான் புது ஆர்சி அட்டை கைக்கு வந்தது. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். ஒரு பழைய டிராக்டர் ட்ரெய்லருக்குப் பெயர் மாற்றினேன் என்றால், "அப்படியா, சரி" என்பதைத் தவிர அவர்களால்தான் என்ன சொல்ல முடியும்? இது எவ்வளவு பெரிய செய்தி என்பது உனக்குத்தான் தெரியும். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உப்பளம் பகுதியில், கிடங்குக்குப் பின்னால், ட்ரெய்லர் நீ விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மில் மூடிய வருஷம், ஃபிட்டர் வேலை போய் நீ சும்மா இருந்தபோது, ஒரு பழைய லாரி அச்சையும் கிடைத்த இரும்பையும் வைத்து உன் கையாலேயே வெல்டிங் வைத்துச் செய்தது. ஆறுமுகம் மாமாவின் டிராக்டரில் அதை மாட்டி, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப் போய் இறக்குவீர்கள். சாரத்திலிருந்து முதலியார்பேட்டைக்கு, முதலியார்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்கு. இந்த ஊரில் பாதிப் பேருடைய பீரோவைத் தூக்கியிருக்கிறேன் என்று நீ சொல்வதை மிகை என்றுதான் நினைத்திருந்தேன். உன் காரியத்தன்று வந்த கூட்டத்தில் எனக்குத் தெரியாத முகங்கள் அத்தனை இருந்தன.

போன மாதம் இடத்துக்காரர் வந்தார். அங்கே கட்டடம் எழுப்பப் போகிறாராம். இந்த மாதக் கடைசிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும். பாகூரில் தன் கொல்லையில் நிறுத்திக்கொண்டு ஓட்டுவதற்கு ஆறுமுகம் மாமா தயார். ஆனால் இறந்துபோனவர் பெயரில் இருக்கிற வண்டியை எப்படி ரோட்டில் இறக்குவது? பேப்பர் மாறவில்லை என்றால் கேஸ் கட்டர் வைத்து வெட்டி எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான். நீ அடித்த கேட்டும் கிரில்லும் ஊரெல்லாம் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. நம்முடையது என்று சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. அதை வெட்டுவதற்கு நான் எந்த வாயால் சரி என்று சொல்வேன்?

நிறையப் படிக்கிற பெண் என்று என்னைப் பற்றி எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வாயே, அந்தப் பெண்ணுக்கு ஒரு விண்ணப்பப் படிவத்தைப் புரிந்துகொள்ள மூன்று நாள் ஆனது. முதலில் வாரிசுச் சான்றிதழ். அதில் கட்டம் போட்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அம்மா முன்பே போய்விட்டதால் முதல் வரியிலேயே என் பெயர், எதிரே 'மகள்'. கீழே காலியாக இருந்த வரிகளின் குறுக்கே எழுத்தர் ஸ்கேல் வைத்துச் சாய்வாக ஒரு கோடு போட்டார். "எதுக்கு சார்?" என்றேன். "வேற யாரும் பேரு எழுதிச் சேத்துடக் கூடாதுல்ல" என்றார். என் நன்மைக்காகத்தான் போட்டார். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பிரமாணப் பத்திரம். நோட்டரி வக்கீலை நீ பிரெஞ்சில் 'நொத்தேர்' என்றுதான் சொல்வாய். பழக்க தோஷத்தில் நானும் அப்படியே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, டீக்கடையில் இருந்த பையன் விழித்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே வழி காட்டினார்.

உன் ஆர்சி புத்தகத்தை அப்போதுதான் முதல்முதலாகத் திறந்து பார்த்தேன். தயாரிப்பாளர் என்ற இடத்தில் 'லோக்கல்' என்று இருக்கிறது. அவ்வளவுதான். அதைப் படித்தபோது உனக்குக் கோபம் வந்ததா, சிரித்துவிட்டாயா? சேசிஸ் நம்பர் 6801. வண்டியில் பொறித்திருக்கிற எண்ணின் மேல் ஒரு தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து, அச்சு எடுத்து வரச் சொன்னார்கள், ஆர்டிஓ ஆபீஸில்.

ஆறுமுகம் மாமாவும் நானும் போனோம். டிராக்டரோடு மாட்டுகிற முன்கம்பியின் மேல்தான் எண் இருக்கும் என்றார். வண்டி சுவரை ஒட்டி நின்றதால் ஒரு பக்கம்தான் உட்கார முடிந்தது. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க முதலில் நீலம் உதிர்ந்தது, பிறகு பச்சை, அதற்கும் கீழே செங்கல் நிறத்தில் பிரைமர்.

"வண்டிக்கு பெயின்ட் அடிச்சதுல பாதி வூட்டுக்கு அடிச்சிருந்தான்னா, உங்கம்மா எங்கிட்ட வந்து பொலம்பியிருக்க மாட்டா" என்றார் மாமா.

பளிச்சென்று இரும்பு தெரிந்ததும் தாளை வைத்து மெல்லத் தேய்த்தேன். பென்சில் கறுப்புக்கு நடுவே நான்கு எண்கள் வெள்ளையாக எழுந்து வந்தன. அவற்றின் கீழே '1089' என்று நானே பேனாவால் எழுதினேன். ஆர்சி புத்தகம் வீட்டில் இருந்தது. சரிபார்க்கத் தோன்றவே இல்லை. எத்தனை நாளைக்குப் பிறகு உன் கைவேலையைத் தொடுகிறேன் என்ற நினைப்பில்தான் இருந்தேன்.

மறுநாள் கவுன்ட்டரில் இருந்த அம்மா தாளையும் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா, புக்குல 6801 இருக்குது. நீ 1089னு கொண்டாந்திருக்கிற. இது வேற வண்டி."

"வேற வண்டி இல்லீங்க. எங்க அப்பா செஞ்சது."

"அப்ப நம்பர் அடிச்சவர வரச் சொல்லு. வந்து எழுதிக் குடுக்கட்டும்."

"அவரு பேர்லேருந்துதாங்க மாத்தணும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா. ஆனா நம்பர் சேராம நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

வெளியே வந்ததும் மாமா வெடித்தார். "மாறிப்போறதுக்கு இது இன்னா பிரசவ ஆஸ்பத்திரியா? செத்தும் என்னிய லைன்ல நிக்க வுடுறான் பாரு உங்கப்பன்!" சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

ஒன்றை உன்னிடம் மறைக்க முடியவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், அப்பா. ஒரு நூல் பிசகினாலும் வைத்த வெல்டிங்கைக் கிளறி எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிற ஆள் நீ. நீ எண்ணைத் தப்பாக அடித்திருக்க மாட்டாய். அப்படியென்றால் இது நீ செய்த வண்டிதானா? வேறு யாரிடமோ வாங்கியதை, வேலை இல்லாத அந்த வருஷத்தில், நான் செய்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டாயா? கேட்பதற்கு நீ இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா கூப்பிட்டார். மறுநாள் காலையில் வெட்டுகிற ஆள் வருகிறானாம். பேசிக்கொண்டிருக்கும்போதே என் போனில் சார்ஜ் தீரப்போனது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் பிளக் இருப்பது உன் பக்கம். உன் நாற்காலியில் எட்டு மாதமாக என் புத்தகங்கள்தான் அடுக்கியிருக்கின்றன. அவற்றைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். எதிரே என் இடத்தில், நான் போட்டபடியே, அந்தத் தாள் கிடந்தது. இங்கிருந்து பார்க்கத் தலைகீழாக.

"பாப்பா, கேக்குதா? வெட்டிடச் சொல்லட்டா?"

"இருங்க மாமா."

"இன்னா இருங்க?"

"ஆறு. எட்டு. சைபர். ஒண்ணு."

நீ அடித்த ஒன்று வெறும் கோடு. எட்டும் சைபரும் எப்படித் திருப்பினாலும் அதேதான். ஒன்பது கவிழ்ந்தால் ஆறு. நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படித்திருக்கிறேன். தப்பு உன்னுடையதே இல்லை.

மாமாவுக்கு அதைச் சொல்லி விளக்கினேன். "அட எமகாதகப் பயலே!" என்றார்.

"யார மாமா திட்டுறீங்க?"

"உங்கப்பனத்தான்! செவுத்தாண்ட நின்னுல்ல அடிச்சிருக்கான்! அப்ப ஏது அங்க செவுரு? பின்னாடிதான கட்டுனாங்க. வெக்கிறேன் பாப்பா. வெட்ட வர்றவனுக்குச் சொல்லணும்."

போனை வைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. உன் நாற்காலியிலிருந்து பார்த்தால் சமையல்கட்டுக் கதவும் என் நாற்காலியும்தான் தெரிகின்றன. நான் பெங்களூரில் வேலை பார்த்த மூன்று வருஷமும் நீ தினமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டாயா? ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்ட்டியாப்பா?" என்று கேட்பேன். "ஆச்சு, ஆச்சு" என்பாய். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்டதில்லை.

கவுன்ட்டர் அம்மா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தாண்ட நின்னு அடிச்சிருக்காரு மனுஷன்!" என்று பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதன் பிறகு மாமா வண்டியை இழுத்துப் போய் மைதானத்தில் நிறுத்தினார். ஆய்வாளர் சின்ன வயதுக்காரர். குனிந்து எண்ணைப் படித்தார், எழுந்து அந்தப் பக்கமாகப் போய் மறுபடியும் படித்தார். மூலையில் இருந்த வெல்டிங்கைப் பேனாவால் தட்டினார்.

"யாரும்மா செஞ்சது?"

"எங்க அப்பா."

"கம்பெனி வண்டியா இருந்தா இந்நேரத்துக்குப் பல்லிளிச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அடுத்து மாமா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எம் பசங்க கையில கெடச்சா வித்துத் துன்னுடுவானுங்க. உன் பேர்லயே கெடக்கட்டும், நான் ஓட்டுறேன்" என்றார். இன்று நாலு மணிக்கு வந்து மாட்டிக்கொண்டு போனார். அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். காலியாகப் போனதால் அது குதித்துக் குதித்துப் போயிற்று. ஒரு பஸ் நடுவில் புகுந்தது. அதற்குப் பிறகு தெரியவில்லை. திரும்பி வந்து, விளக்கைப் போட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ போன அன்று நான் ரயிலில் இருந்தேன், அப்பா. விழுப்புரம் தாண்டும்போது மாமா கூப்பிட்டார். "மெதுவா வா பாப்பா, அவசரமில்ல" என்றார். அந்த இரண்டு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரும்புதானே, அந்த வண்டிக்கும் ஒரு நாள் வரும். அச்சு முறியும், அடித்தகடு இற்றுப்போகும். அன்றைக்குப் போனிலேயே சரி என்று சொல்லி முடித்துவிட மாட்டேன். எந்த ஊரில் இருந்தாலும் முன்கூட்டியே கிளம்பி வருவேன். கேஸை மூட்டுகிற நேரத்திலிருந்து கடைசித் துண்டு விழுகிறவரை பக்கத்திலேயே நிற்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் மகள்,
தேன்மொழி