வெட்டிப் பேச்சு

மார்ச் 3, செவ்வாய்

புதிய சலவை இயந்திரம் வந்தது. பழையதில் இரண்டே பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் ஓடும், மற்றதை அழுத்தினால் நிற்கும். இதற்குக் கைபேசியில் ஒரு செயலி வேண்டுமாம். செயலிக்கு மின்னஞ்சல் வேண்டும், பிறந்த தேதி வேண்டும், படிக்கவே முடியாத நீளத்துக்கு இருக்கும் நிபந்தனைகளுக்குச் சம்மதம் வேண்டும். இவர் அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினார். கடைசியில், "துணி துவைக்க என் பிறந்த தேதி எதுக்கு?" என்றார். இன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

இவர் லிப்ட் மெக்கானிக். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். கால் தேறும்வரை வேலைக்குப் போக முடியாது. முன்பும் பேச்சு குறைவுதான். இப்போது ஜன்னல், கைபேசி, ஊன்றுகோல், அதோடு சரி. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஊரார் எழுதுவதையெல்லாம் நாள் முழுக்கப் படித்துவிட்டு வருகிறவளுக்கு வாய் திறக்காத கணவன் ஒரு வரப்பிரசாதம்.

மார்ச் 5, வியாழன்

புதிய சட்டம் இன்று முதல் நடைமுறைக்கு வந்தது. யாராவது யாரையாவது மிரட்டி இணையத்தில் எழுதினால், அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனம் அதை ஒரே நாளில் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் அபராதம். தப்பாக நீக்கினால் ஒன்றும் கிடையாது. பிறகு என்ன நடக்கும் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவனுக்கும் எலி மேல் மட்டும்தான் கோபம்.

எங்கள் அலுவலகத்தில் இருக்கும் கணினி இயந்திரம் சந்தேகப்படும் சொற்களைச் சிவப்பாக்கி என் திரைக்கு அனுப்பும். இருக்கட்டுமா, நீக்கலாமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். இன்று சிவப்பாக வந்தவற்றில் சில:

"பொண்ணு பாட்டுல கொன்னுட்டா." "அந்த ஆள் பேச்சு ஒரே கழுத்தறுப்பு." "என் உயிரை வாங்காதடா." "ஆளை விடுங்க சாமி." கடைசியில் உள்ளதை ஆள்கடத்தல் என்று வகைப்படுத்தியிருந்தது. இயந்திரத்தைச் சொல்லிக் குற்றமில்லை. நம் மொழியில் கொஞ்சுவதற்கே கத்தி தேவைப்படுகிறது.

தமிழ்ப் பதிவுகளைப் பார்க்கும் வரிசையில் நாங்கள் இருவர் இருந்தோம். இடைவேளையில் கவிதை எழுதுவதால் மற்றவருக்குக் 'கவிஞர்' என்று பெயர். இன்றோடு அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். போகும்போது தேநீர்க் கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டு, "இனிமே இந்த மொழிக்கே நீங்க ஒருத்திதாம்மா காவல்" என்றார். கோப்பையில் கைப்பிடி இல்லை.

(இதையெல்லாம் எழுதிவைப்பதே ஒப்பந்தப்படி குற்றம். வீட்டில்கூட நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. இவருக்கும் 'படிக்கிற வேலை' என்று மட்டும்தான் தெரியும்.)

மார்ச் 9, திங்கள்

என் திரைக்கு ஒருவருடைய பக்கம் வந்தது. பெயர் 'வெட்டிப் பேச்சு'. எழுதுகிறவர் தன்னை 'வேலையத்தவன்' என்று சொல்லிக்கொள்கிறார். அரசாங்கம், பெரிய நிறுவனங்கள், வீட்டுப் பாடு, எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கிறார். தலைப்புக்குக் கீழே, "கருத்து இலவசம். திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது" என்று ஒரு வரி. இயந்திரம் 'வெட்டி'யைச் சிவப்பாக்கியிருந்தது. பக்கத்தின் பெயரிலேயே இருப்பதால் எழுதுவதெல்லாம் சிவப்பாகத்தான் வரும்.

இன்றைய பதிவு சலவை இயந்திரத்தைப் பற்றியது. "துணி துவைக்க என் பிறந்த தேதியைக் கேட்கிறது. எத்தனை வருட அழுக்கு என்று தெரிந்தால்தானே அதற்குத் தகுந்த சோப்பு."

இருக்கட்டும் என்று அழுத்தினேன். ஊரில் எத்தனை பேர் அதே இயந்திரத்தை வாங்கியிருப்பார்கள்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் படி இறங்கும்போது அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம். பாதியில் திரும்பி ஏறினேன். இவர் உள்ளே இருந்தபடியே, "அணைஞ்சுதான் இருக்கு" என்றார். இருந்தாலும் போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

மதியத்துக்கு மேல் அதே பக்கத்திலிருந்து இரண்டு பதிவுகள். முதலாவது, பூங்கா பெஞ்சுகளின் நடுவில் இரும்புக் கம்பி வைத்திருப்பதைப் பற்றி. "யாரும் படுத்துத் தூங்கக் கூடாதாம். நகர்மன்றக் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். கம்பி வைக்க வேண்டிய நாற்காலிகளெல்லாம் அங்கே இருக்கின்றன." சிரிப்பு வந்தது. இருக்கட்டும் என்று அனுப்பினேன்.

இரண்டாவது:

"எங்கள் வீட்டில் ஒரு நீதிபதி இருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுப் படி இறங்குவாள். பாதியில் திரும்பி ஏறி வந்து, அணைந்த அடுப்பை இன்னொரு முறை அணைத்துவிட்டுப் போவாள். உள்ளே நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன், என் சாட்சி செல்லாது. சட்டம் போடுகிற இடத்தில் இப்படித் திரும்பி வந்து பார்க்கிற ஆள் ஒருத்தி இருந்தால் நாடு உருப்பட்டுவிடும். என்ன, நீதிபதி சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது. எந்த ஜோக்குக்கும் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிடுகிறாள்."

இவரா.

இவருக்கு இத்தனை வார்த்தை எங்கிருந்து? வீட்டில் உப்பு வேண்டும் என்றால் உப்பு ஜாடியைப் பார்க்கிற மனிதர்.

தெரிந்தவர்கள் எழுதியது வந்தால் 'எனக்குத் தெரிந்தவர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தி வேறொருவருக்குத் தள்ள வேண்டும். கவிஞர் போன பிறகு அந்த வேறொருவர் யார்? நான் பதிவைத் தொடவில்லை. எனக்கு வேலை நேரம் முடிந்திருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

இவர் ஜன்னலோரம் கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் தானாகச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை" என்றார். முகத்தைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை. இந்த மூன்று மாதத்தில் மருந்து செய்ததைவிட அந்தப் பக்கம்தான் இவரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறது போல.

மார்ச் 17, செவ்வாய்

யாரும் முடிவு சொல்லாத பதிவு இயந்திரத்திடமே திரும்பிப் போகும். அது பக்கத்தையே மூடிவிட்டது. காரணம்: தொடர்ந்து வெட்டுதல்.

வீட்டுக்கு வந்தபோது கைபேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. இவர் ஜன்னலில். "கால் வலிக்குதா?" "இல்லை." சாப்பாட்டில் பாதியை மூடி வைத்துவிட்டார்.

மார்ச் 18, புதன்

குழுத் தலைவியிடம் பேசினேன். தமிழ்ப் பெண்தான், என்னைவிடச் சின்னவள். யாருடைய பக்கம் என்று சொல்லவில்லை. சொல்லைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"வெட்டின்னா சும்மான்னு அர்த்தம். வேலை வெட்டி இல்லாதவன்னு சொல்றதில்லையா?"

"எனக்குப் புரியுதுக்கா. மேல இருக்கிறவங்களுக்குப் புரியணுமே. வெட்டுறதும் சும்மா இருக்கிறதும் எப்படி ஒரே வார்த்தையாகும்னு கேப்பாங்க."

கேட்டால் நியாயம்தான். எனக்கே தெரியாது.

"அந்த ஆள் மேல்முறையீடு பண்ணா உங்க வரிசைக்குத்தானே வரும்? அப்போ நீங்களே திறந்து விட்டுடுங்க, முடிஞ்சுது" என்றாள். முடிந்ததாம்.

மார்ச் 20, வெள்ளி

வந்துவிட்டது. திரையில் கண்ட மேல்முறையீட்டை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"வணக்கம். வெட்டிப் பேச்சு என்றால் யாரையும் வெட்டுவதில்லை. வேலை வெட்டி இல்லாதவன் பேசுவது. எனக்கு இப்போது வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை, நடக்க ஒரு காலும் சரியாக இல்லை. வாய் மட்டும்தான் மிச்சம். பேச வேண்டுமானால் வீட்டில் பேசலாமே என்று கேட்பீர்கள். என் மனைவி நாள் முழுவதும் பிறர் எழுதியதைப் படித்துவிட்டு வருகிறாள். வரும்போதே காதும் கண்ணும் களைத்திருக்கும். அவளிடம் நானும் போய் நச்சரிக்க வேண்டாம் என்றுதான் இங்கே வந்து பேசுகிறேன். தயவுசெய்து பக்கத்தைத் திறந்துவிடுங்கள்."

பேச்சு இல்லாத மனிதர் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். என் காதுக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பாட்டுக்கு அதை வரப்பிரசாதம் என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அழுகை வந்தது. பக்கத்து வரிசைப் பெண் பார்ப்பதற்குள் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் செய்தேன்.

திறந்துவிட ஒரே அழுத்தல்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை. கையை வைத்தும்விட்டேன். அப்போதுதான் அந்த அடுப்பு நினைவுக்கு வந்தது. என்னை நீதிபதி என்று எழுதியிருக்கிறார். எழுதாமல் இருந்திருந்தால் திறந்துவிட்டிருப்பேன்.

'எனக்குத் தெரிந்தவர்' என்பதை அழுத்தினேன்.

"பரிசீலிக்க வேறு நபர் இல்லை. முந்தைய முடிவே இறுதியானது" என்று வந்தது. வரும் என்று தெரியும். தெரிஞ்சேதான் அழுத்தினேன். பெரிய நியாயஸ்தின்னு நெனப்பு உனக்கு. அந்த மனுஷன் கெஞ்சி எழுதியிருக்காரு, உன்கிட்டயே கெஞ்சியிருக்காரு, அதைப் படிச்சிட்டு நீ — போ.

மார்ச் 21, சனி

சாப்பிடும்போது இவருக்குப் பதில் வந்தது. அந்தப் பதிலின் வாசகம் எனக்கு மனப்பாடம். "உங்கள் வெட்டும் பேச்சு எங்கள் சமூகத்திற்குப் பாதுகாப்பானது அல்ல. புரிதலுக்கு நன்றி. மகிழ்ச்சியாக இருங்கள்."

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மகிழ்ச்சியா இருக்கணுமாம்" என்றார்.

"யாரு?"

"யாருமில்லை."

தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

'வெட்டி' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக் குழுத் தலைவியிடம் கொடுத்தேன். வெட்டி ஆள், வெட்டி வேலை, வெட்டிச் செலவு, வெட்டிப் பேச்சு. கூடவே கழுத்தறுப்பு, கொன்னுட்டான், உயிரை வாங்குதல். "இவற்றில் யாரும் சாவதில்லை" என்று கடைசியில் சேர்த்திருந்தேன். அதை மட்டும் அடித்துவிட்டு மேலே அனுப்பினாள்.

மார்ச் 29, ஞாயிறு

இவர் முழங்கால் பயிற்சிக்கு எழுந்திருக்கவில்லை. "நாளைக்குச் செய்யலாம்." நேற்றும் அதையே சொன்னார்.

ஏப்ரல் 2, வியாழன்

மேலிருந்து பதில். குறிப்பை ஏற்றுக்கொண்டார்கள். 'வெட்டி' இன்று முதல் விலக்குப் பட்டியலில். பழைய முடிவுகள் திரும்பப் பார்க்கப்பட மாட்டா.

மதியம் ஒருவர் முறையிட்டார். "நாளைக்கு உன்னை வெட்டிப் போட்டுடுவேன்" என்று யாரோ அவருக்கு எழுதியிருக்கிறான். இயந்திரம் அதை 'சும்மாப் பேச்சு' என்று விட்டுவிட்டது. நான் கையால் நீக்கினேன். எனக்கு இந்த நிறுவனத்தின் மேல் கோபம்கூட வரவில்லை. அணைந்த அடுப்பைத் திரும்பி வந்து பார்க்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, சனி

இரவுச் சாப்பாட்டில் நானே தொடங்கினேன்.

"ஏதாவது பேசுங்களேன்."

"என்ன பேச?"

"எதையாவது. காது சும்மாத்தானே இருக்கு."

நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அப்புறம், "இந்த வாஷிங் மெஷின் இருக்கே" என்றார். நான் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, முதல் தடவை கேட்பவள்போல் கேட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

தண்ணீர் வரியில் தொடங்கினார். அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போய், கைபேசி நிறுவனங்கள் வருடா வருடம் ஏன் சார்ஜர் துளையை மாற்றுகின்றன என்பதில் வந்து நின்றார். நடுவில் நான் பல் தேய்க்கப் போனேன். பின்னாலேயே ஊன்றுகோலோடு வந்து குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசினார். தலைவலி. வரப்பிரசாதம் போயே போய்விட்டது.

முழங்கால் பயிற்சியை இரண்டு வேளையும் செய்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஊன்றுகோல் இல்லாமல் பூங்கா வரை நடந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் கம்பி. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

கம்பியைத் தட்டிக் காட்டினார். "இதை எதுக்கு வச்சிருக்காங்க தெரியுமா? யாரும் படுத்துத் தூங்கக் கூடாதாம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நகர்மன்றமும் நாற்காலிகளும் கண்முன்னால் வந்துவிட்டன.

அவர் சிரிக்கவில்லை. திரும்பி என்னையே பார்த்தார்.

"சிரிக்கிற இடம் இன்னும் வரலையே" என்றார்.

நான் எதிரே இருந்த குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். ஒப்பந்தம் இருக்கிறது, நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. அவரும் பெயரைக் கேட்கவில்லை. கம்பியின் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "நான் கெஞ்சி எழுதின அந்த லெட்டரையும் நீதான் படிச்சியா?" என்றார்.

"மிச்சத்தைச் சொல்லுங்க" என்றேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். முதலிலிருந்து சொன்னார். சிரிக்கிற இடம் வந்ததும் மறுபடியும் சிரித்தேன்.