தியேட்டர் வீட்டில் இரண்டு டி.வி.

ஜூன் 3, திங்கள்

தர்ஷினி இன்றும் டி.வி. முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன கண்ணு என்று கேட்டால், "ரெண்டு பூனை வருதும்மா" என்கிறாள். கார்ட்டூனில் இருப்பது ஒரே பூனை.

மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "புள்ள சரியாத்தான் சொல்லுது. மூணு குழாயும் விலகிப்போச்சு. நாளைக்கு ஒக்காந்து செட் பண்ணிடறேன்."

மாமா ரிட்டையர் ஆன சமயம் அவருடைய கம்பெனி கெஸ்ட் ஹவுஸைக் காலி செய்தது. அங்கிருந்த சாமான்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது அவர் பேருக்கு விழுந்தது இந்த ப்ரொஜெக்‌ஷன் டி.வி. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள். மூன்றின் வெளிச்சமும் பின்னாலிருந்து திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால்தான் படம். கொஞ்சம் விலகினாலும் எழுத்துகளுக்கு ஒரு பக்கம் சிவப்பு ஓரம், மறுபக்கம் நீல ஓரம். நேர் எதிரே உட்கார்ந்தால் ஒரு படம். ஓரத்தில் உட்கார்ந்தால் இருட்டு. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பேரே தியேட்டர் வீடு. ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னாலே போதும்.

இந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். என் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் தினமும் பார்க்க முடியாது.

ஜூன் 5, புதன்

மாமா செட் செய்தார். திரை முழுக்கக் கூட்டல் குறிகள். ரிமோட்டை அமுக்கி அமுக்கி, சிவப்புக் குறியையும் நீலக் குறியையும் பச்சையின் மேல் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. அத்தை, "கட்டின பொண்டாட்டி மூஞ்ச இப்படி ஒரு நாள் பாத்திருப்பியா?" என்றார்.

"உன் மூஞ்சில எது வெலகியிருக்கு, செட் பண்றதுக்கு?"

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

படம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் தர்ஷினி வந்து உட்கார்ந்ததும் மறுபடியும் ஒரு கண் மூடியது.

"ஓரத்துல ஒக்காந்தா அப்படித்தாம்மா தெரியும். நடுவுல ஒக்கார வை" என்றார் மாமா. நடுவில் உட்கார வைத்தேன். அப்போதும் மூடினாள்.

அத்தை, "ஏ குட்டி, கண்ணடிக்கறியா? பொம்பளப் புள்ள அப்படிச் செய்யக் கூடாது" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

ஜூன் 8, சனி

என் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். பேச்சு இல்லை, சண்டை.

"உங்கப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்றது? அந்தப் பொட்டி அவருக்கு உசுரு. காலனி முழுக்க வந்து பாத்த டி.வி. அது, காவேரி."

"உசுரு இருக்கட்டும். உங்க புள்ளைக்குக் கண்ணு வேணாமா?"

பூபதி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். பாலிடெக்னிக் முடித்து, பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறார். அங்கே தலைமுடி அளவு தப்பைக்கூட விடமாட்டாராம். வீட்டில் மட்டும் எதையும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

விட மாட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

மாமாவிடம் நானே கேட்டேன். "பாப்பா கண்ணுக்கு ஆகல மாமா, தட்டை டி.வி. ஒண்ணு வாங்கிடலாம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. முகம் விழுந்துபோனது, அவ்வளவுதான்.

"அதுல படம் கண்ணக் குத்தும்மா. இதுல பட்டு மாதிரி இருக்கும். வேணும்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். நீ சொல்றது ஜெயிச்சா, நானே ஆளு வச்சு இதத் தூக்கிப் போடறேன்."

சரி என்றேன்.

ஜூன் 13, வியாழன்

டி.வி. தானாகவே வந்து சேர்ந்தது! இவரோடு வேலை பார்க்கும் தமிழரசன் திருநெல்வேலிக்காரர். மனைவிக்கு வளைகாப்பு, ஊருக்குப் போகிறார். அறையில் மழைத் தண்ணீர் ஒழுகுகிறதாம். "அண்ணாச்சி, நான் வார வரைக்கும் இது ஒங்க வீட்டுல கெடக்கட்டும்" என்று தன் தட்டை டி.வி.யைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கி வந்தார். போகும்போது திரும்பிப் பார்த்தார். "பாப்பா தொட்டுராம பாத்துக்கிடுங்க மதினி."

ஞாயிற்றுக்கிழமை போட்டி.

ஜூன் 16, ஞாயிறு

முழுதாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் மறந்துவிடுவேன் என்றில்லை. எழுதினால்தான் என்ன நடந்தது என்று எனக்கே புரியும்.

இவர் கம்பெனி முறைப்படியே ஏற்பாடு செய்தார். ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு டி.வி.க்கும் கொடுத்தார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நேரே ஓர் இடம், ஓரத்தில் ஓர் இடம் என்று உட்கார வைத்தார். முதலில் ஜன்னல் திறந்து, பிறகு மூடி. "ஒரே பீஸ ரெண்டு கேஜ்ல அளக்கணும். அப்பத்தான் எந்த கேஜ் தப்புன்னு தெரியும்" என்று விளக்கம் வேறு. கேஜ் என்றால் அவர்கள் அளந்து பார்க்கும் கருவி. மாமாவின் பழைய கூட்டாளி முனிசாமி பெரியப்பா நடுவர். அவர் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ், கிரிக்கெட் பார்க்கும்போது இரண்டும்.

ஜன்னல் திறந்திருந்தபோது பெரிய பெட்டி தோற்றது. தெருவில் போன சைக்கிள்தான் அதில் நன்றாகத் தெரிந்தது. தட்டை டி.வி. பளிச்சென்று இருந்தது. கிரிக்கெட் வைத்ததும் பெரியப்பா, "கோவிந்தப்பா, உன் பொட்டில பந்துக்கு மீசை மொளச்சிருக்குதுரா" என்றார். மாமாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

ஜன்னலை மூடியதும் நிலைமை மாறியது. ஒரு படத்தில் இரவுக் காட்சி. மாமா எழுந்து தட்டை டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். "இது ராத்திரியா? சாம்பல் பூசின மாதிரி இருக்குது. இங்க பாரு, இது ராத்திரி." உண்மைதான். பெரிய பெட்டியில் இருட்டு இருட்டாக இருந்தது. அந்தப் பெண்ணின் கூந்தல் கறுப்பாக இருந்தது. முகம் முகமாக இருந்தது. தட்டையில் எல்லோருக்கும் மெழுகு பூசினதுபோல ஒரு மினுமினுப்பு. நானே ஒப்புக்கொண்டேன். ஆனால் ஓரத்து இடத்தில் உட்கார்ந்ததும் பெட்டி அணைந்துபோன மாதிரி. அங்கே தட்டைக்குத்தான் ஜெயம்.

பெரியப்பா தீர்ப்பு: "பகல்ல அது, ராத்திரியில இது. ரெண்டையும் கட்டிக்க."

அப்போதுதான் தர்ஷினிக்குக் கார்ட்டூன் வைத்தோம். நான் அவளைத் தட்டை டி.வி.க்கு நேர் எதிரே உட்கார வைத்தேன். ஜெயித்துக் காட்டப் போகிறேன் என்ற திமிர் எனக்கு. "இப்ப எத்தனை பூனை, கண்ணு?"

பார்த்தாள். தலை சாய்ந்தது. ஒரு கண் மூடியது.

"இதுலயும் ரெண்டும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா தொடையைத் தட்டினார். "பாத்தியா! பொட்டி மேல பழி போட்டீங்களே!" அத்தை, "பழகிப்போச்சு அதுக்கு, எதப் பாத்தாலும் ரெண்டுன்னுதான் சொல்லும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை டி.வி.யில் குழாயே இல்லையே. விலகுவதற்கு என்ன இருக்கிறது?

ஜூன் 17, திங்கள்

காலையில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெரிய பெட்டியைப் போட்டு நானே பார்த்தேன். செய்தி எழுத்துகளுக்குச் சிவப்பு ஓரம் மறுபடியும் வந்திருந்தது. என் ஒரு கண்ணை மூடினேன். சிவப்பு ஓரம் அப்படியே இருந்தது. இன்னொரு கண்ணை மூடினேன். அப்படியே.

பி.எஸ்சி. இயற்பியல் படித்து என்ன பிரயோஜனம், இது முதல் நாளே தோன்றவில்லையே! திரையில் இரண்டாக இருந்தால் ஒரு கண்ணால் பார்த்தாலும் இரண்டாகத்தானே தெரியும்?

தர்ஷினியை மடியில் வைத்து, டி.வி.யை அணைத்துவிட்டு, எதிரே ஒரு டம்ளரை வைத்தேன்.

"எத்தனை டம்ளர்?"

"ரெண்டு."

ஒரு கண்ணை என் கையால் பொத்தினேன். "ஒண்ணு." மறு கண்ணைப் பொத்தினேன். "ஒண்ணு." கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். இடது கருவிழி மூக்குப் பக்கம் மெல்ல உள்ளே போனது. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். "ரெண்டு."

அவள் கண்ணடிக்கவில்லை. இரண்டை ஒன்றாக்கத்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை நாளும் என் தங்கம் தனியாக இந்த வேலையைப் பார்த்திருக்கிறது. இரண்டாகத் தெரிவது சகஜம் என்று சொல்லிக்கொடுத்த வீடு உலகத்திலேயே எங்கள் வீடு ஒன்றுதான் இருக்கும்.

அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டேன். அழுது என்ன ஆகும்?

ஜூன் 18, செவ்வாய்

அத்தை: "சின்னப் புள்ளைங்களுக்கு மாறுகண்ணு அதுவா சரியாப் போயிடும். ஆஸ்பத்திரின்னு போனா கண்ணாடிய மாட்டி வுட்டுடுவானுங்க. பொட்டப் புள்ள, என்னாத்துக்கு அது?"

மாமா: "ஆடி முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

இவர்: "அடுத்த மாசம் லீவு போடறேன்."

நான் சத்தம் போடவில்லை. இவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "ஒரே பீஸ ரெண்டு கேஜ்ல வச்சீங்க. ரெண்டு கேஜும் ஒரே தப்பக் காட்டுச்சுன்னா, கம்பெனில என்ன செய்வீங்க?"

வாயில் போட்ட தோசையை மெல்லாமல் என்னைப் பார்த்தார்.

"தப்பு பீஸ்லதான். நிறுத்தி வச்சு செக் பண்ணுவோம்" என்றார்.

"அடுத்த மாசமா?"

"இல்ல."

நாளை மறுநாள் லீவு. போகிறோம்.

ஜூன் 20, வியாழன்

ஓசூரிலேயே கண் ஆஸ்பத்திரி. குழந்தைகள் டாக்டர் வருகிற நாள். ஒரே கூட்டம். பக்கத்தில் கன்னடம், எதிரில் தெலுங்கு. எல்லா பாஷையிலும் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் அழுகின்றன. சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, மறுபடியும் விட்டு… தர்ஷினி இவர் தோளைக் கடித்துவிட்டாள். இவர் தோளை நகர்த்தவே இல்லை.

டாக்டரம்மா இளம்வயதுக்காரர். பொறுமையாகச் சொன்னார். தர்ஷினிக்குத் தூரப்பார்வைக் குறை, அதாவது பிளஸ் பவர், அதிகம். படத்தைத் தெளிவாக்கக் கண் பாடுபடுகிறது. அப்படிப் பாடுபடும்போது உள்பக்கம் இழுத்துக்கொள்கிறது. கண்ணாடி போட்டால் பாடு குறையும், இழுப்பும் குறையும்.

"டி.வி.னால வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. டி.வி. பாக்கறப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"தள்ளிப் போட்டிருந்தா?"

"ரெண்டாத் தெரியறது தொந்தரவுன்னு மூளை ஒரு கண்ண ஒதுக்கிடும். அப்புறம் புள்ள ரெண்டுன்னு சொல்லாது. நீங்களும் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்குவீங்க."

ஆடி முடியட்டும் என்று விட்டிருந்தால்? 'ஒண்ணுதாம்மா தெரியுது' என்று அவள் சொல்லியிருப்பாள், நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

தூங்கும் நேரம் தவிர எப்போதும் கண்ணாடி. கழற்றவே கூடாது.

ஜூன் 21, வெள்ளி

டி.வி.யால் வந்ததில்லை என்று மாமாவிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் காலையிலிருந்து பெட்டியைப் போடவே இல்லை. நானே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 26, புதன்

கண்ணாடி வந்துவிட்டது. நீல ஃபிரேம், காதுக்குப் பின்னால் ரப்பர் பட்டை. தர்ஷினி போட்ட வேகத்தில் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தாள். எடுத்துத் துடைத்துப் போட்டேன். எறிந்தாள். எடுத்தேன். அத்தை, "பாவம், விடேன் காவேரி" என்றார். "மாட்டேன் அத்தை" என்றேன். இந்த வீட்டில் அத்தையிடம் நான் 'மாட்டேன்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அத்தைக்கும் அது தெரிந்தது போலும். நிலைக்கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து, "இங்க பாரு குட்டி, டீச்சரம்மா மாதிரி இருக்கே" என்று காட்டினார்.

ஜூன் 29, சனி

எறிதல் தொடர்கிறது. நானும் தொடர்கிறேன்.

ஜூலை 3, புதன்

இன்று ஸ்கூலில் யாரோ ஒரு பையன் 'சோடாபுட்டி' என்றானாம். அழுதுகொண்டே வந்தாள். கழற்றிவிடலாமா என்று என் கை போனது. போன கையால் மூக்கைத் துடைத்துவிட்டேன். நாளைக்கு மிஸ்ஸைப் பார்த்துப் பேச வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

தமிழரசன் வந்து தன் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போனார். "யாரு ஜெயிச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார். இவர், "ரெண்டுமே நல்ல கேஜுதான்யா" என்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பெரிய பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் தர்ஷினிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் திறந்து, தலை நேராக. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். சொன்னால் கண் பட்டுவிடும் என்று எழுதாமல் வைத்திருந்தேன்.

என் தோளுக்குப் பக்கத்தில் வெறும் சுவரைத் தேடிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இன்னொரு அம்மா டூட்டிக்குப் போயிட்டாங்களா?"

இவர் பேப்பரைக் கீழே வைத்தார். மாமா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

"ஆமா கண்ணு" என்றேன். "இனிமே வரமாட்டாங்க."

யோசித்தாள். "சரி" என்றாள். கண்ணாடி மூக்கில் வழிந்திருந்தது. ஒரு விரலால் அவளே அதை மேலே தள்ளிவிட்டு, இட்லிக்கு வாயைத் திறந்தாள்.