பிள்ளையோட போகாத பிரசர்

நிந்தவூர்
06.04.2025

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்க எல்லாரும் சுகம் எண்டு எழுதத்தான் ஆசை. பொய் எழுத ஏலாம இரிக்கி. போனில சொல்லலாம்தான், உங்கட பக்கம் ரூம் நிறைய ஆக்கள், என்ட பக்கம் உம்மா. அதான் லீவு முடிஞ்சு கட்டாருக்கு வாற நளீம் காக்காட்ட இதக் குடுத்து விடுறன்.

நோன்பு கடைசிப் பத்துல நான் மயங்கி விழுந்திட்டன். நோன்பு திறக்கக் கஞ்சி கிண்டிக் கொண்டு நிண்டன், கண்ணு இருட்டினது மட்டும்தான் நினைவு. மகள்தான் கத்தி ஆக்களக் கூப்பிட்டிரிக்கா. பிரசர் ஏறிக் கிடந்ததாம். போன வருஷம் தந்த குளிசைய என்ன செய்த எண்டு டொக்டர் கேட்டார். "காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்டுதானே சொன்னீங்க, நோன்புல ஏது காலைச் சாப்பாடு? பெருநாளைக்குப் பிறகு குடிப்பம் எண்டு வெச்சிட்டன்" எண்டன். மனிசன் தலையில கை வெச்சிட்டார். விடியமுன்ன ஸஹர் சாப்பாட்டோடயோ நோன்பு திறந்தோ குடிக்கலாமாம். எனக்கு வெக்கமாப் போயிட்டு.

மறுகா, "புள்ள பெறக்குள்ள பிரசர் இருந்ததா?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். அப்படி வந்த பொம்புளையளுக்குப் பிற்காலத்தில இருதய வருத்தம் வாறதுக்கு இடம் கூடவாம், வருஷா வருஷம் பார்க்கணுமாம். என்ட இருதயம் தடிச்சிரிக்கும் போலயாம், ஸ்கேன் எடுக்கச் சொல்லியிரிக்கார். ஒருக்கா வந்திட்டுப் போவீங்களா? அவர் சொல்றதக் கேட்க எனக்குப் பக்கத்தில நீங்க இரிக்கணும்.

உங்கட
மர்ஷூதா


தோஹா
27.04.2025

அன்பு மர்ஷூதாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உன்ட கடிதத்தப் பார்த்ததில இருந்து சோறு இறங்கல்ல புள்ள. நோன்பெண்டு குளிசைய நிப்பாட்டின நீ பெரிய டொக்டர்தான்! இனி ஒழுங்காக் குடி. கருஞ்சீரகமும் தேனும் அனுப்பியிரிக்கன்.

ஆனா டொக்டர்மார் சும்மா பயமுறுத்துவாங்க. வயித்தில புள்ள இரிக்கக்குள்ள வாற பிரசர் புள்ளையோட போயிடும் எண்டுதானே உன்ட உம்மாவும் சொன்ன. அம்ஹாவுக்கு இப்ப எட்டு வயசு. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது எங்க இருந்து வாற?

டிசம்பர் லீவுல வருவன். இந்தத் தரம் அம்ஹாவுக்கு ஒரு தம்பி, இன்ஷா அல்லாஹ். மறுக்காத. நான் தனிப் புள்ளை எண்டு உனக்குத் தெரியும். வாப்பாவ அடக்கக்குள்ள கபுருக்குள்ள என்னோட இறங்க ஒரு கூடப்பிறந்தவன் இல்ல. அண்டு நிண்ட மாதிரி என்ட மகள் நிக்கப்படா.

அன்புடன்
மசூர்


நிந்தவூர்
12.05.2025

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தேன் கிடைச்சுது. கடிதத்தில ஸ்கேனைப் பத்தி ஒரு வரி இல்ல. கோவத்திலதான் எழுதுறன், பொறுத்துக்கங்க.

அம்ஹா பிறந்த அண்டு, தாயும் புள்ளையும் சுகம் எண்டு உங்களுக்குச் சொன்னாங்க. நான் சுகமா இரிக்கல்ல மச்சான். எட்டாம் மாசம் முகமெல்லாம் வீங்கி, தலை வெடிக்கிற வலி. ஆஸ்பத்திரி வாட்டில வலிப்பு வந்து நாக்கக் கடிச்சிட்டன். புள்ளைய அவசரமா வெட்டி எடுத்தாங்க. அம்ஹாட முகத்த எல்லாரும் பார்த்த பிறகுதான் நான் பார்த்தன். கடல் கடந்து இரிக்கிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்லப்படா எண்டு உம்மா எல்லார்ட வாயையும் அடைச்சிட்டா. ஊரில எல்லா வீட்டிலயும் அப்படித்தானே. மாமி கால் முறிஞ்சு கிடந்ததையும் ஆறினாப் பிறகுதானே உங்களுக்குச் சொன்ன. நீங்க வந்து என்ட தழும்பப் பார்த்தீங்க. ஏன் வெட்டின எண்டு கேட்கல்ல.

இன்னொரு புள்ளை பெறலாமா எண்டு டொக்டர்ட்ட கேட்டன். இருதயத்தப் பார்க்காம அந்தக் கதையே எடுக்கப்படாவாம். திரும்பவும் வலிப்பு வரலாமாம், இந்தத் தரம் இருதயம் தாங்குமோ தெரியாவாம். தம்பி இல்லாட்டி அம்ஹா தனிதான், ஒத்துக்கிறன். அவட உம்மா நானும் இல்லாட்டி?

எனக்குப் பயமா இரிக்கி. படியேறினா மூச்சு முட்டுது. பயமா இரிக்கி எண்டு சொல்ல இந்த வீட்டில எனக்கு ஆருமில்ல. வாங்க மச்சான்.

உங்கட
மர்ஷூதா


தோஹா
02.07.2025

அன்பு மர்ஷூதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் பிந்திட்டு. அம்ஹா பிறந்தப்ப நடந்தத நீ எழுதித்தான் அறிஞ்சன். அப்ப சொல்லியிரிந்தா வந்திரிப்பன். வந்திரிப்பனா எண்டு யோசிச்சா அதுவும் தெரியல்ல.

பிரசர் பார்க்கிற மெசின் ஒண்டு வாங்கி அனுப்பியிரிக்கன், நல்ல சாமான். டிசம்பர் லீவு இல்லையாம். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலைக்குக் கையெழுத்து வெச்சிட்டன், அதுவரை வர ஏலா, வேற வழியில்ல. ஸ்கேனுக்கு ஆரையாவது கூட்டிட்டுப் போ. புள்ளைக் கதைய நான் வந்த பிறகு கதைப்பம். என்ட உம்மாட்ட இதொண்டும் சொல்லாத, அவ தாங்க மாட்டா.

அன்புடன்
மசூர்


நிந்தவூர்
19.08.2025

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மெசின் வந்திட்டு. பட்டியச் சுத்தி பட்டன அமத்தினா கைய இறுக்கிப் பிடிக்கிது. இந்த வீட்டில என்ட கையப் பிடிக்கிறது இப்ப அது ஒண்டுதான்.

ஸ்கேன் எடுத்தாச்சு. பக்கத்து வீட்டு நதீரா ராத்தா கைவேலையப் போட்டுட்டு என்னோட பஸ்ஸேறி வந்தா. இருதயம் தடிச்சுத்தான் இரிக்கி, ஆனா பிந்தல்லையாம். குளிசை ஆயுசு முழுக்க. கருவாட்ட விட்டுட்டன். சுபஹு தொழுதிட்டு ராத்தாவோட கடற்கரையில நடக்கன். அம்ஹா வளர்ந்து வாறதப் பார்க்க நான் இரிக்கணும்.

இன்னொரு புள்ளை வேணா எண்டு கிளினிக்கில சொல்லி, அதுக்குரியதையும் செய்திட்டன். உங்களக் கேட்டிரிக்கணும். ரெண்டு வருஷம் காத்துக் கிடந்து கேட்க என்னால ஏலா. வீடு உங்கட வீடுதான், எப்ப வந்தாலும் வாங்க.

இன்னொண்டு. ஏதும் அவசரமெண்டா ஆருக்கு அடிக்கிற, நம்பரச் சொல்லுங்க எண்டு கிளினிக்கில நர்ஸ் மிஸ்ஸி கேட்டா. உங்கட நம்பர் எனக்குப் பாடம், வாயில வந்திட்டு. மறுகா நதீரா ராத்தாட நம்பரக் குடுத்தன். அவட்டயும் சொல்லி வெச்சிட்டன், எனக்கு ஏதும் நடந்தா உங்களுக்கு உடன சொல்ல வேணா எண்டு. கடல் கடந்து இரிக்கிறவருக்குக் கெட்ட செய்தி சொல்லப்படாதானே. எல்லாம் ஆறினாப் பிறகு சொல்லுவாங்க.

அம்ஹாட உம்மா
மர்ஷூதா